இறங்கி ஏறும் கரை: ரோமின் கடல் வாசலில் இரண்டாயிரம் ஆண்டுகள்

ரோம் கடற்கரை நகரம் அன்று. டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரைக் குன்றுகளின்மேல் எழுந்த ஊர் அது. ஆறு வளைந்து நெளிந்து ஓடும், ஆழமும் குறைவு. பெருங்கப்பல்கள் அதில் ஏறி நகரை அடைய முடியாது. ஆகவே கடல்வழியே ரோமுக்குச் சென்ற ஆளும் சரக்கும் பெரும்பாலும் கழிமுகத்தில் ஒருமுறை இறங்கி, வேறொன்றில் ஏறியாக வேண்டியிருந்தது. ஓஸ்தியா என்னும் ஆற்றுமுக நகரமும், அதற்கு வடக்கே மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில் பேரரசர்கள் வெட்டிய போர்த்துஸ் என்னும் துறைமுகமும் இந்தத் தேவையால் பிறந்தவை. இன்று விமானம் மாறும் பயணிகள் சில மணி நேரம் தங்கும் ஃபியூமிச்சினோ விமான நிலையம் அந்தப் பழைய துறைமுகத்தை ஒட்டியே, ஒரு பகுதி அதன் தூர்ந்த நீர்ப்பரப்பின் மேலேயே, அமைந்திருக்கிறது.

உப்பளமும் கோட்டையும்

ரோமின் நான்காம் மன்னர் ஆங்கஸ் மார்சியஸ் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஓஸ்தியாவை நிறுவினார் என்பது ரோமானியர் சொல்லிவந்த மரபு. கழிமுகத்து உப்பளங்களைக் கைக்கொள்வதே அதன் நோக்கம் என்றும் அம்மரபு கூறும். அகழாய்வில் கிடைத்த மிகப் பழைய கட்டடம் அவ்வளவு முந்தியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரிய கல்பாளங்களால் கட்டிய செவ்வகக் கோட்டை ஒன்றே அது. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைவோரைத் தடுக்கும் காவல் நிலையமாக அது இருந்தது.

கார்த்தேஜுடன் நடந்த போர்களின்போது ஓஸ்தியா கடற்படைத் தளமாகவும், வெளிநாட்டில் போரிட்ட படைகளுக்கு உணவு அனுப்பும் இடமாகவும் வளர்ந்தது. கி.மு. 87இல் உள்நாட்டுப் போரில் ரோமானியத் தளபதி மாரியஸ் இதைச் சூறையாடினார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கடற்கொள்ளையர் ஓஸ்தியாவுக்குள்ளேயே புகுந்து ரோமானியக் கப்பல்களை அழித்தனர். நகரின் வாசலிலேயே நேர்ந்த இந்த அவமானம், கடற்கொள்ளையை ஒடுக்கத் தளபதி பாம்பேயஸுக்கு அசாதாரண அதிகாரம் கொடுத்த கி.மு. 67ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. ஊரைச் சுற்றிய நீண்ட மதில் சிசரோ கான்சலாக இருந்த காலத்தில், கி.மு. 63இல், தொடங்கப்பட்டதை வாயில் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது.

நடுக்கடலில் சரக்கு மாற்றம்

ஓஸ்தியாவுக்கு ஒரு பெருங்குறை இருந்தது: அங்கே பெருங்கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. டைபர் அடித்துவரும் வண்டல் வாய்ப்பகுதியில் மணல் திட்டாகப் படிந்துகொண்டே இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் வாழ்ந்த புவியியலாளர் ஸ்டிராபோ இந்த நிலையை விவரித்திருக்கிறார். சரக்குக் கப்பல்கள் கரைக்கு அப்பால், அலை மோதும் திறந்த கடலில் நங்கூரமிடும். சிறு படகுகள் சென்று சரக்கை இறக்கிவரும். பாரம் குறைந்தபின் சில கப்பல்கள் ஆற்றில் ஏறும். மற்றவை அப்படியே திரும்பிவிடும்.

அதே நூற்றாண்டுகளில் சேரநாட்டு முசிறியிலும் இதே வழக்கம் இருந்தது. கப்பல்கள் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரைசேர்த்ததைப் புறநானூற்றின் 343ஆம் பாடல் சொல்கிறது. வண்டல் சேரும் ஆற்றுமுகங்களில் வணிகம் செய்தவர்கள் எங்கும் கண்ட வழி இதுவே.

ஆனால் ரோமின் தேவை தோணிகளுக்கு அடங்கவில்லை. நகர மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சத்தை எட்டியது. ஆண் குடிமக்கள் இரண்டு லட்சம் பேருக்கு அரசு மாதந்தோறும் இலவசமாகத் தானியம் அளந்தது. ஒருவருக்கு ஐந்து மோடியஸ், அதாவது சுமார் 33 கிலோ. சிசிலி, சார்தீனியா, வட ஆப்பிரிக்கா, எகிப்து ஆகிய இடங்களின் கோதுமை கடல்வழியே வந்தாக வேண்டும். அலெக்சாந்திரியாவின் பெருங்கப்பல்கள் ஓஸ்தியாவைத் தவிர்த்து, தெற்கே நேபிள்ஸ் வளைகுடாவில் இயற்கைத் துறையாக அமைந்த புட்டியோலியில் சரக்கை இறக்கின. அங்கிருந்து சிறு கப்பல்களில் மாற்றி வடக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு புயல் பருவம் நீடித்தாலும் தலைநகரில் பஞ்சம் தலைகாட்டியது. ஜூலியஸ் சீசர் டைபர் முகத்தில் துறைமுகம் கட்டத் திட்டமிட்டார். அது செயலுக்கு வரவில்லை.

கிளாடியஸ் வெட்டிய துறை

பேரரசர் கிளாடியஸ் ஆட்சிக்கு வந்தபோது ரோமின் தானிய இருப்பு அபாய நிலையில் இருந்தது. செலவைக் கேட்டால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுவீர்கள் என்று கட்டட வல்லுநர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. கி.பி. 42இல் வேலை தொடங்கியது. ஓஸ்தியாவுக்கு வடக்கே, ஆற்று வண்டல் நேரடியாகச் சேராத இடத்தில், ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்பில் ஒரு குடாவை வெட்டி, கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களை எழுப்பினர்.

கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளம் போட்ட விதம் பலராலும் பேசப்பட்டது. அவருக்கு முன் ஆண்ட பேரரசர் காலிகுலா எகிப்திலிருந்து ஒற்றைக்கல் தூணைக் கொண்டுவர ஒரு மாபெரும் கப்பலைக் கட்டியிருந்தார். அந்தக் கப்பலில் காரையை நிரப்பி மூழ்கடித்து, அதன்மேல் கோபுரம் எழுப்பினர். அதில் வந்த கல்தூண் இன்றும் நிற்கிறது. 1586இல் வாத்திக்கனின் புனித பேதுரு சதுக்கத்துக்கு அது நகர்த்தப்பட்டது. துறைமுகத்தையும் ஆற்றையும் இணைக்கக் கால்வாய்களும் வெட்டப்பட்டன. அவை ரோமை வெள்ள அபாயத்திலிருந்து விடுவித்ததாக கி.பி. 46ஆம் ஆண்டுக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. பணி முடிந்ததைக் கொண்டாடிப் பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் துறைமுகம் பொறித்த நாணயம் வெளியிட்டார்.

ஆனால் பரப்பின் விரிவே பாதுகாப்பைக் குலைத்தது. அகன்ற குடாவுக்குள் காற்று தடையின்றி வீசியது. கி.பி. 62இல் அடித்த புயலில் துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 200 கப்பல்கள் நாசமாயின என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்.

டிராஜனின் அறுகோணம்

இந்தக் குறையைத் தீர்த்தவர் பேரரசர் டிராஜன். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளாடியஸின் குடாவுக்குக் கிழக்கே, நிலத்துக்குள் இரண்டாவது நீர்த்தேக்கத்தை அவர் வெட்டுவித்தார். அது சீரான அறுகோணம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 358 மீட்டர். பரப்பு 32 ஹெக்டேருக்கு மேல். ஆழம் சுமார் ஐந்து மீட்டர். ஆறு பக்கமும் நேரான கரை என்பதால் பல கப்பல்கள் ஒரே சமயத்தில் அணைந்து நிற்கலாம். எந்தக் கப்பல் எங்கே நின்று எந்தக் கிடங்கில் சரக்கு இறக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவதும் எளிது. வெளிக்குடா காத்திருக்கும் இடமாகவும், அறுகோணம் சரக்கு இறக்கும் இடமாகவும் பயன்பட்டன.

ஆற்றுடன் இணைத்த கால்வாயையும் டிராஜன் செப்பனிட்டார். அவர் பெயர் பெற்ற அந்தக் கால்வாய் இன்றும் டைபரின் ஒரு கிளையாக ஓடுகிறது. ஃபியூமிச்சினோ ஊரின் மீன்பிடிப் படகுகள் அதில்தான் கட்டப்படுகின்றன. ஆறு, கால்வாய், கடல் மூன்றுக்கும் நடுவில் சிக்கிய நிலம் தீவாகி, பின்னாளில் ஈசோலா சாக்ரா என்று பெயர் பெற்றது.

துறைமுகத்திலிருந்து ரோம் வரை சரக்கை ஏற்றிச் சென்றவை அகன்ற அடிப்பாகம் கொண்ட ஆற்றுப் படகுகள். கயிறு கட்டி ஆட்களும் எருதுகளும் கரையோரமாக இழுத்துச் செல்வர். நகரை அடைய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஓஸ்தியா இடுகாட்டில் 1865இல் கண்டெடுத்த ஓவியம் ஒன்று, இப்படிப்பட்ட படகில் தானியம் ஏற்றுவதைக் காட்டுகிறது. படகின் பெயர் ஈசிஸ் கிமினியானா; சுக்கானருகே நிற்பவர் ஃபார்னாசிஸ். தோளில் மூட்டையுடன் பலகையில் ஏறும் சுமையாட்கள், அளவுப் பாத்திரத்தில் கொட்டும் தொழிலாளி என ஒவ்வொருவரும் அதில் இருக்கின்றனர்.

மிளகு வந்த வழி

இந்தத் துறைக்கு வந்த சரக்குகளில் மிக நீண்ட பயணம் செய்தவற்றுள் தென்னிந்திய மிளகும் ஒன்று. யவனர் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறியின் சிறப்பாகக் கூறுகிறது. அந்த மிளகு கழித்தோணியிலிருந்து கடற்கப்பலுக்கு மாறும். செங்கடல் கரையில் மியோஸ் ஹார்மோஸ் அல்லது பெரனிகே துறையில் இறங்கி ஒட்டகத்தின் மேல் ஏறும். பாலைவனம் கடந்து கோப்டஸ் நகரில் நைல் படகுக்கு மாறும். அலெக்சாந்திரியாவில் மீண்டும் கடற்கப்பல். இத்தாலியக் கரையில் ஆற்றுப் படகு. ரோமின் மிளகுக் கிடங்கை அடைவதற்குள் ஐந்து முறை அது கைமாறியிருக்கும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. முசிறிப் பாப்பிரஸ் எனப்படும் அது இந்த மாற்றங்களில் சிலவற்றை எழுத்தில் வைத்திருக்கிறது. ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் வந்த தந்தம், துணி, கங்கைக்கரை நறுமணத் தைலப்பொருள் முதலியவற்றை அது கணக்கிடுகிறது. இறக்குமதி வரி நான்கில் ஒரு பங்கு. அதைக் கழித்தபின் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் என்னும் ரோமானிய நாணயம். வணிகர்களும் இவ்வழியே சென்றனர். பெரனிகேயிலும் மியோஸ் ஹார்மோஸிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன.

காத்திருந்தவர்களின் ஊர்

அக்காலத்தில் பயணிகளுக்கென்று தனிக் கப்பல் இல்லை. போகும் திசையில் செல்லும் சரக்குக் கப்பலைத் தேடிப்பிடித்து, காற்று வாய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை கடற்பயணம் அநேகமாக நின்றுவிடும். கோடையில் ரோமிலிருந்து அலெக்சாந்திரியா செல்ல இரண்டு மூன்று வாரம் போதும். எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். இப்படிக் காத்திருந்த மாலுமிகள், வணிகர்கள், பயணிகளை நம்பியே ஓஸ்தியா வாழ்ந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதன் மக்கள்தொகை 40,000 முதல் 50,000 வரை இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு.

ஊரின் அமைப்பிலேயே இந்தத் தொழில் தெரிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேரான பெருந்தெருவின் இருமருங்கும் செங்கல்லால் கட்டிய பல மாடி வாடகைக் குடியிருப்புகள், கீழ்த்தளத்தில் கடைகள். டயானா தெருவில் உள்ள உணவுக்கடையில் பரிமாறும் பளிங்கு மேடை, பாத்திரம் அடுக்கும் படிகள், உணவு வகைகளைக் காட்டும் சுவரோவியம் ஆகியவை இன்னும் அப்படியே உள்ளன. அருகே குளியல் கூடங்கள், பொதுக் கழிப்பறை, மாவரைக்கும் கல்யந்திரங்களுடன் அடுமனை. தானியக் கிடங்குகளில் தீப்பிடித்தால் ரோமே பட்டினி கிடக்கும் என்பதால் தீயணைப்புப் படைக்கு இங்கே தனி முகாம் இருந்தது.

நாடக அரங்கின் பின்னால் உள்ள சதுக்கத்தைச் சுற்றிச் சுமார் 60 அறைகள். ஒவ்வொன்றின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கற்பதிப்பில் ஒரு படம்: கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் பாத்திரம், யானை. கார்த்தேஜ், நார்போன், அலெக்சாந்திரியா, சப்ரதா முதலிய ஊர்களின் கப்பல் வணிகர் அங்கே இடம் பெற்றிருந்தனர். யானைப் படம் லிபியக் கரையின் சப்ரதா நகரத்தாருடையது.

வந்தவர்கள் தங்கள் தெய்வங்களையும் கொண்டுவந்தனர். மித்திரனுக்குரிய கருவறைகள் பதினைந்துக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. எகிப்தியத் தெய்வம் செராப்பிஸுக்கும் கோயில் இருந்தது. கடல்வாயிலுக்கு வெளியே யூதர் தொழுகைக்கூடம் இருந்தது. ஐரோப்பாவில் அறியப்பட்ட மிகப் பழைய தொழுகைக்கூடங்களில் ஒன்று அது.

இங்கே காத்திருந்தோரில் புகழ்பெற்றவர்கள் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டினும் அவர் தாய் மோனிக்காவும். கி.பி. 387இல் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப அவர்கள் ஓஸ்தியா வந்து தங்கினர். உள்நாட்டுப் போரால் கடல்வழி அடைபட்டிருந்தது. காத்திருந்த நாள்களில் மோனிக்கா காய்ச்சல் கண்டு இறந்தார். தோட்டத்தை நோக்கிய சன்னலருகே தாயும் மகனும் கடைசியாகப் பேசியதை அகஸ்டின் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவுசெய்தார். மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு 1945இல் ஓஸ்தியாவில் தற்செயலாகக் கிடைத்தது.

தூர்ந்த துறை

பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் போர்த்துஸ் தனி நகரமாயிற்று, ஓஸ்தியா தேய்ந்தது. துறைமுகத்தைப் பிடித்தால் ரோமைப் பட்டினி போடலாம் என்பதைப் பகைவர்கள் விரைவில் கண்டுகொண்டனர். விசிகோத்தியரின் தலைவன் அலாரிக் கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்டபோது மீட்புப் பணத்துடன் 3,000 பவுண்டு மிளகும் கேட்டான். அடுத்த ஆண்டு போர்த்துஸின் தானியக் கிடங்குகளைக் கைப்பற்றியே நகரைப் பணியவைத்தான். கி.பி. 455இல் வாண்டல்கள் கடல்வழியே வந்து ரோமைச் சூறையாடினர். 6ஆம் நூற்றாண்டிலும் போர்த்துஸுக்காகக் கோத்தியரும் பைசாந்தியரும் மோதினர்.

தலைநகரின் மக்கள்தொகை சில பத்தாயிரங்களாகச் சுருங்கியபின் தூர்வார ஆளும் இல்லை, தேவையும் இல்லை. கரை மேற்கே நகர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் நான்காம் கிரகரி ஓஸ்தியா அருகே அரண்சூழ்ந்த சிற்றூர் ஒன்றை அமைத்தார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு கோட்டை எழுந்தது. 1557ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் டைபர் தன் போக்கை மாற்றிக்கொண்டு கோட்டையைக் கைவிட்டது. பழைய நகரின் பளிங்கு வேறு ஊர்க் கட்டடங்களுக்குப் போயிற்று. சுற்றிலும் சதுப்பு, மலேரியாவுக்கு அஞ்சி ஆள் தங்கவில்லை. 1884இல் ராவென்னாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் சதுப்பை வடிக்கத் தொடங்கிய பின்னரே இந்நிலம் மீண்டும் குடியேற்றத்துக்கு ஏற்றதாயிற்று. இன்று ஓஸ்தியா இடிபாடுகளுக்கும் கடலுக்கும் இடையே சுமார் மூன்று கிலோமீட்டர் நிலம் இருக்கிறது.

அகழாய்வும் ஓடுபாதையும்

முறையான அகழாய்வு 1855இல் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் ஆதரவில் தொடங்கியது. 1938 முதல் 1942 வரை, ரோமில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு, தொல்லியலாளர் குய்தோ கால்சா தலைமையில் நகரின் பெரும்பகுதி அவசரமாக வெளிக்கொணரப்பட்டது. போரால் கண்காட்சி நடக்கவில்லை. வேகத்தில் மேலடுக்குகளின் சான்றுகள் பல அழிந்தன என்பது பின்வந்தோர் குறை. ஈசோலா சாக்ராவில் கால்சா கண்டறிந்த இடுகாட்டில் மருத்துவச்சி, அறுவை மருத்துவர், கொல்லர் போன்ற உழைப்பாளிகள் தத்தம் தொழிலைச் சுடுமண் பலகையில் காட்டிய கல்லறைகள் உள்ளன.

ஃபியூமிச்சினோ விமான நிலையம் 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளின்போது முதலில் பயன்பட்டு, 1961இல் முறையாகத் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானம் கிளாடியஸின் துறைமுகத்தை வெளிப்படுத்தியது. 1958 முதல் 1965 வரை தூர்ந்த குடாவின் ஓரத்தில் மரக்கலங்களின் எச்சங்கள் கிடைத்தன: ஆற்றுப் படகுகள், கடலோரச் சரக்குக் கலம், பிடித்த மீனை உயிருடன் வைத்திருக்க நடுவில் நீர்த்தொட்டி அமைத்த மீன்பிடிப் படகு. யூதர் தொழுகைக்கூடமும் விமான நிலையத்துக்குச் சாலை போட்டபோதே, 1961இல், தென்பட்டது. 2007 முதல் தொல்லியலாளர் சைமன் கீ வழிநடத்திய ஆய்வுக் குழு போர்த்துஸின் கிடங்குகளையும் அரண்மனை போன்ற நிர்வாகக் கட்டடத்தையும் ஆராய்ந்தது. நிலத்தடி ஆய்வில் ஓஸ்தியா நகரம் டைபரின் வடகரைக்கும் பரவியிருந்தது 2014இல் தெரியவந்தது.

சில மணி நேரத்தில் காணக்கூடியவை

விமான மாற்றத்துக்குக் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்துப் பார்வையிடம் அமையும். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் நிலையத்தை விட்டு வெளியே வர ஷெங்கன் விசா வேண்டும். திரும்பிவந்து பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை இரண்டையும் கடக்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

மிக அருகில் உள்ளது கப்பல் அருங்காட்சியகம். படகுகள் கிடைத்த இடத்திலேயே கட்டி 1979இல் திறந்த இது, நெடுநாள் மூடிக்கிடந்து 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்குச் சற்றுத் தொலைவில் போர்த்துஸ் அகழாய்வுப் பூங்கா இருக்கிறது. அங்கே கிடங்குச் சுவர்களையும் தூண் வரிசைகளையும் காணலாம். அறுகோண நீர்நிலை பெரும்பாலும் தனியார் பண்ணைக்குள் அடங்கியிருக்கிறது. பழைய ஓஸ்தியாவின் இடிபாடுகள் உள்ள ஓஸ்தியா அந்திகா, சாலை வழியே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதைச் சுருக்கமாகப் பார்க்கவும் மூன்று மணி நேரம் தேவை. பெருந்தெரு, குளியல் கூடம், அரங்கு, வணிகர் சதுக்கம், டயானா தெரு என்ற வரிசையில் நடந்தால் திரும்ப நடை குறையும். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. ரோம் நகரின் மைய நிலையத்துக்கு ரயில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் நகருக்குள் சென்றால் வரிசைகளிலேயே பொழுது போய்விடும். குறைந்த நேரம் உள்ளவருக்குக் கழிமுகத்தின் மூன்று இடங்களே ஏற்றவை. நகரைப் பல நூற்றாண்டுகள் உண்ணவைத்த ஏற்பாடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.